மின்விசிறிக்குக் கீழே ஓரிடம், விலை நாலு பொத்தான்

சதவீதம் சாருக்கு அந்தப் பட்டத்தை யார் சூட்டினார்கள் என்று தெரியாது. சூட்டியவர் ஆளை நன்றாக எடைபோட்டுத்தான் சூட்டியிருக்கிறார். காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "மழைக்கு முப்பது சதவீதம்" என்று சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுவார். பேருந்து நேரத்துக்கு வர இத்தனை, வந்த பேருந்தில் உட்கார இடம் கிடைக்க இத்தனை என்று வழிநெடுகக் கணக்கு ஓடும். கல்யாணத்துக்கு முன்னால், பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்ட அக்காவிடம் மனிதர் "தொண்ணூறு" என்றாராம். அந்த மீதிப் பத்து எங்கே போயிற்று என்று அவர் மனைவி இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. பல்கலைக்கழகத்தில் நிதித் துறையில் பாடம் நடத்துகிறார், ஆனால் நிதி படிக்க வந்தவர்களுக்கு அல்ல. தாவரவியல், வரலாறு, இயற்பியல் என்று வேறு எதையோ படிக்க வந்த முதலாண்டுப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, வட்டி என்றால் என்ன, இன்றைய காசுக்கும் நாளைய காசுக்கும் என்ன வித்தியாசம், கையிலிருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டும். கட்டாயப் பாடம். அதையும் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் வட்டியைப் பற்றிப் பேசினால் விழித்திருக்கக்கூடியவர் வட்டிக்கு விட்டவர் மட்டும்தான்.

அவர் வேலையும் நிரந்தரமில்லை. வருடா வருடம் கடிதம் வந்தால் உண்டு. பத்து வருடத்துக்கு மேலாக, விடுமுறை தொடங்கும்போதெல்லாம் மேசை இழுப்பறையைக் காலி செய்து, பேனா, கண்ணாடிக் கூடு, தலைவலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். புதுக் கடிதம் வந்ததும் அதே பையைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப அடுக்குவார். நிரந்தர வேலைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் இழுப்பறையில் பழைய தேநீர்க் கறையே இருபது வருடமாகக் குடியிருக்கிறது.

அந்த வருடம் தொடங்கியதுமே துறைத் தலைவர் அம்மா கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்க பாடத்தை வீடியோவா எடுத்துப் போட்டுடலாம்னு மேலே பேசிக்கிறாங்க. ஒரு தடவை எடுத்தா போதும், வருஷா வருஷம் ஓடும்."

"பசங்க பாப்பாங்களா மேடம்?"

"இப்ப மட்டும் பாக்கறாங்களா? மதிப்பீட்டாளர் ஒருத்தர் வருவார். உங்க வகுப்புல உக்காந்து பாத்துட்டு, பசங்ககிட்டயே கேட்டு முடிவு பண்ணுவார். இந்த வருஷக் கடைசியில உங்களுக்குக் கடிதம் உண்டா இல்லையாங்கறது அவர் கையிலதான் இருக்கு."

சதவீதம் சார் தன் வாய்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்த சதவீதத்தை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

வகுப்பின் லட்சணம் அவருக்குத் தெரியும். கடைசி வரிசையில் இயற்பியல் மாணவி ஒருத்தி இருந்தாள். கொட்டாவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் கொட்டாவி விட்டால் அது வரிசை வரிசையாக முன்னேறிக் கரும்பலகை வரைக்கும் வந்து, கடைசியில் பாடம் நடத்துகிறவர் வாயையும் திறக்கவைத்துவிடும். பிள்ளைகள் வகுப்பில் சுறுசுறுப்பாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். அந்தக் கூடத்தில் ஆறு மின்விசிறிகள். சுற்றுவது இரண்டு. அந்த இரண்டின் கீழே இடம் பிடிக்க நடக்கும் தள்ளுமுள்ளில் நாற்காலிகள் கால் ஒடிந்தன, நட்புகள் முறிந்தன, வரலாற்றுத் துறைப் பையன் ஒருவனின் மூக்குக் கண்ணாடி போயிற்று.

ஒருநாள் அந்தக் கண்ணாடியின் துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் சாருக்கு யோசனை வந்தது. மனைவி தையல் கடை வைத்திருக்கிறார். ஜோடி சேராத பொத்தான்கள் ஒரு பெரிய டப்பா நிறைய அங்கே சும்மா கிடந்தன. மறுநாள் டப்பாவோடு வகுப்புக்குப் போனார். ஆளுக்குப் பத்துப் பொத்தான் எண்ணிக் கொடுத்தார்.

"இனிமே இதுதான் காசு. விசிறிக்குக் கீழ உக்காரணும்னா ஏலம் கேக்கணும். குடுக்கற பட்டன் என் டப்பாவுக்கு வந்துடும். நல்ல பதில் சொன்னா டப்பாவுலேர்ந்து உங்களுக்கு வரும்."

"கடன் கிடைக்குமா சார்?" என்று ஒரு குரல்.

"கிடைக்கும். வட்டி உண்டு."

அன்றைக்கு முதல் முறையாக வகுப்பில் வட்டி என்ற சொல்லைக் கேட்டு நாலைந்து தலைகள் நிமிர்ந்தன. விசிறிக்குக் கீழே ஓரிடம் நாலு பொத்தானுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு சாருக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. அவர் ஒரு தத்துவத்தைப் பாடமாக எடுப்பதற்குள் பிள்ளைகள் அதை வியாபாரமாக ஆரம்பித்திருந்தார்கள். குளிர்ந்த மாதத்தில், விசிறியை யாரும் சீண்டாத நேரத்தில், கொட்டாவி கோடைக்கால இடங்களை ஒவ்வொன்றாக அரை விலைக்குப் பேசி முடித்தாள். வெயில் ஏறியதும் மூன்று மடங்குக்கு விற்றாள். அடிக்கடி மின்சாரம் போக ஆரம்பித்தபோது, "ஒரு பட்டன் கட்டுங்க, விசிறி நின்னா நாலு தர்றேன்" என்று காப்பீடு ஆரம்பித்தாள். இத்தனையையும் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்தாள், அதுதான் திறமை. தூங்குமூஞ்சி என்று நினைத்துப் பேரம் பேசப் போனவர்கள் கை காலியாகத் திரும்பினார்கள்.

வராதவர்களெல்லாம் வகுப்புக்கு வந்தார்கள். சாப்பாட்டு மணி முடியும் முன்பே கூடம் நிறைந்தது. சதவீதம் சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டாண்டாகக் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம் என்றிருந்தது மாறி, இப்போது கரும்பலகைக்கு முன்னால் நின்று கேள்வி கேட்டால் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. சந்தோஷம் தாங்காமல் ஒருநாள் மனைவிக்குப் பூச்செடி ஒன்று வாங்கிக்கொண்டு போனார். உடம்பு ஏதும் சரியில்லையா என்று மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

ஆனால் மனிதர் ஒரு கோட்டை விட்டிருந்தார், சாதாரணக் கோட்டை அல்ல. நிதி படித்தவர், படிப்பிக்கிறவர், எவன் சட்டையிலும் முளைத்திருக்கிற ஒன்றைக் காசு என்று அறிவித்திருந்தார். டப்பாவில் இருந்தது கலவைப் பொத்தான் என்பதால் எது அசல், எது வெளியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. முதலில் ஒருவன் தன் சட்டைக் கைப்பொத்தானைக் கடித்து எடுத்தான். அடுத்த வாரம் பாதி வகுப்பின் சட்டைக் கைகள் ஆடின. அதற்கடுத்த வாரம் பிள்ளைகள் பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்திய சட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். விடுதியில் கொடியில் காய்ந்த துணிகள் காலையில் மொட்டையாகத் தொங்கின. விசிறியடி இடம் நாலிலிருந்து பத்தாகி, பத்திலிருந்து நாற்பதாயிற்று.

"பணவீக்கம்னா இதுதான்" என்று சார் பெருமையாகப் பாடம் எடுத்தார். வீங்கியது யாரால் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மதிப்பீட்டாளர் மறுநாள் வருகிறார் என்று துறைத் தலைவர் அம்மா சொல்லி அனுப்பிய தினம், சாப்பாட்டு நேரத்தில், சார் கை கழுவக் குழாயடிக்குப் போனார். அங்கே ஏணி நின்றிருந்தான். தாவரவியல் மாணவன், உயரத்தால் வந்த பெயர். குனிந்து குழாயில் வாய் வைத்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சு சார்."

"என்ன சாப்பிட்டே?"

ஏணிக்கு அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. குழாயை மூடினான். "விடுதிச் சாப்பாட்டுப் பணத்துக்குப் பட்டன் வாங்கிட்டேன் சார். தேர்வுக்கு முந்தின வாரம் வெயில் உச்சத்துல இருக்கும்ல, அப்ப விசிறி இடம் நூறு தாண்டும்னு எல்லாரும் சொல்றாங்க. இப்ப சேத்து வெச்சா அப்ப வித்து காசாக்கிடலாம்."

"பட்டனைக் காசு குடுத்தா வாங்கறீங்க?"

"பாதி வகுப்பு வாங்குது சார். சட்டையில இருந்ததெல்லாம் தீந்து போச்சே."

"எங்கே வாங்கறீங்க?"

"கடைத்தெருவுல ஒரு தையக்கார அம்மா கடை இருக்கு. முதல்ல சும்மா குடுத்தாங்க. இப்ப தினம் விலையை ஏத்திடறாங்க."

அந்தத் தையக்கார அம்மா யார் என்று சாருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேடிக்கையாகத் தொடங்கிய ஒன்றால் ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்று வெட்கமாக இருந்தது. தன் சாப்பாட்டு டப்பாவை ஏணி கையில் கொடுத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு, அவன் முகம் பார்க்காமல் வந்துவிட்டார்.

சாயங்காலம் கடையில் மனைவி தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு புதுச் செழிப்பு.

"என் பசங்களுக்கு நீ பட்டன் விக்கறியா?"

"உங்க பசங்களா? எனக்கென்ன தெரியும். தைக்கச் சட்டையே கொண்டு வராம பட்டன் மட்டும் கேட்டாங்க. ஏதோ நாகரிகம் போலன்னு நெனச்சேன்."

"விலையை ஏன் ஏத்தினே?"

"கேக்கற ஆள் ஏறிட்டாங்க, விலையும் ஏறுது. இதைத்தானே ராத்திரியில தூக்கத்துல உளர்றீங்க நீங்க."

 காசை வெளியிட்டது சார், கள்ளக் காசு அடித்தது அவர் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரே சமையலறை.

"நாளைக்கு இந்தப் பட்டனெல்லாம் செல்லாதுன்னு சொல்லப் போறேன்" என்றார்.

மனைவி எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "நாளைக்குத்தானே அந்த மதிப்பீட்டாளர் வர்றார்? பசங்ககிட்ட கேட்டுத்தானே உங்க கடிதத்தை முடிவு பண்ணுவார்? அன்னிக்குப் பாத்து அவங்க சொத்தை எல்லாம் செல்லாதுன்னு சொன்னா, உங்களைத் தூக்கி வெச்சுக் கொஞ்சுவாங்களா? ஒரு நாள் பொறுத்துச் சொல்லுங்க. ஒரே ஒரு நாள்."

"நாளைக்கு ஒரு நாள்ல இன்னும் எத்தனை பேர் சாப்பாட்டுக் காசைப் போடுவாங்களோ. இந்தக் கடையை நீ மூடினா எதிர்க்கடையில வாங்குவாங்க."

"அப்ப நம்ம சாப்பாடு?"

அதற்கு அவரிடம் எந்த எண்ணும் இல்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனிதர் ஒரு விஷயத்தைக் கணக்கில்லாமல் சொன்னதை மனைவி அன்றைக்குத்தான் கேட்டார். 

மறுநாள் வெயில் கொளுத்தியது. மதிப்பீட்டாளர் கனத்த உடம்பும் கனத்த கோட்டுமாக உள்ளே வந்தார். கூடம் நிரம்பி வழிந்தது. ஊக்கு குத்திய சட்டைகளை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் புரியாமல் இன்னொரு முறை பார்த்தார். கழுத்தில் வியர்வை வழிய விசிறிக்குக் கீழே போய் நின்றார். ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

"இங்கே நான் உக்காரலாமா?"

"உக்காரலாம் சார். நாப்பது பட்டன்" என்றாள் கொட்டாவி. அந்த இடம் அன்றைக்கு அவளுடையது.

மதிப்பீட்டாளர் திரும்பிச் சாரைப் பார்த்தார். "இது பாடத்துல சேர்ந்ததா?"

"இதுதான் சார் பாடம்" என்றார் சார்.

"என்கிட்ட பட்டன் இல்லையேம்மா."

கொட்டாவி அவர் கோட்டை ஒரு பார்வை பார்த்தாள். முன்பக்கம் கறுப்பு நிறத்தில் பெரிது பெரிதாக நாலு. "பெரிசுக்குப் பத்து மேனிக்கு எடுத்துக்கறேன் சார். சரியா வரும்." கையில் தயாராகக் கத்தரிக்கோல் வைத்திருந்தாள்.

மனிதர் தயங்கினார். இன்னொரு துளி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. கோட்டை நீட்டினார். நாலு வெட்டு. பிறகு விசிறிக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்தால், உலகத்தில் எந்தப் பொருளுக்கும் அவர் அதைவிட மனமொப்பி விலை கொடுத்ததில்லை என்று தெரிந்தது.

சார் கரும்பலகையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த பலகைதான். அப்புறம் திரும்பி, ஒரே மூச்சில் சொன்னார்.

"இன்னிலேர்ந்து எந்தப் பட்டனும் செல்லாது. நாளையிலேர்ந்து விசிறி இடம் முறை வெச்சு மாறும். காசுன்னு நான் சொன்னதால அது காசாச்சு, நான் அளவு பாக்காததால குப்பையாச்சு. தப்பு என்னோடது."

 கூடம் இரண்டுபட்டது.

"சார், என்கிட்ட முந்நூறு இருக்கு."

"என் அண்ணன் கல்யாணக் கோட்டையே மொட்டையடிச்சிருக்கேன் சார்."

"இப்பத்தானே குடுத்தேன்" என்று மதிப்பீட்டாளரின் குரலும் அதில் கேட்டது. திறந்து கிடந்த கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

சார் கையை உயர்த்தினார். "சட்டையிலேர்ந்து பிச்ச பட்டனுக்கு நான் பொறுப்பில்லை. ஆனா கடையில நிஜக் காசு குடுத்து வாங்கினவங்க காசை நான் திருப்பித் தர்றேன். ஒரே நாள்ல முடியாது. என் சம்பளத்துலேர்ந்து மாசாமாசம் தர்றேன்."

இதைச் சொல்லும்போது அவருக்குக் காது மடல் சிவந்தது. பக்கத்து மேசையில் பேனா இரவல் வாங்கினால்கூடத் திருப்பிக் கொடுக்கும்வரை இருப்புக்கொள்ளாதவர், பாதி வகுப்புக்கு ஒரே நிமிடத்தில் கடன்காரர் ஆகியிருந்தார்.

மதிப்பீட்டாளர் எழுந்தார். வந்த வேலையைக் கோபத்தோடு முடித்துவிடுவது என்ற முடிவு முகத்தில் தெரிந்தது. "நான் சுத்தி வளைக்க விரும்பலை. இந்தப் பாடத்தை அடுத்த வருஷத்திலேர்ந்து வீடியோவா போடலாம்னு ஒரு யோசனை இருக்கு. அப்ப இவர் வேண்டியதில்லை. நீங்க சொல்லுங்க. இவர் இருக்கணுமா, போகணுமா?"

"போகட்டும் சார்" என்று முன்வரிசை கத்தியது. "முதல்ல அனுப்புங்க" என்று நடுவரிசை. மேசைகள் தட்டப்பட்டன. சார் கையிலிருந்த சுண்ணக்கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இழுப்பறையில் இருப்பது அந்தத் துணிப்பைக்குள் அடங்குமா என்று அவர் மனம் யோசிக்கத் தொடங்கியிருந்தது.

அன்றைய பொழுதில் அந்தக் கூடத்திலேயே அதிகம் இழந்தவள் கொட்டாவி. பை நிறையப் பொத்தானோடு எழுந்தாள். கண்ணில் தூக்கத்தின் சாயலே இல்லை.

"கொஞ்சம் வாயை மூடுங்க எல்லாரும்" என்றாள். "யோசிச்சுத்தான் பேசறீங்களா? இவர் நமக்குக் காசு தரணும். எதுலேர்ந்து தருவார்?"

"சம்பளத்துலேர்ந்து" என்றது ஒரு குரல்.

"வேலை போனா சம்பளம் எங்கேர்ந்து வரும்?"

மேசை தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஏணி நிமிர்ந்து உட்கார்ந்தான். வரலாற்றுத் துறைப் பையன் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"நமக்குத் தர வேண்டியவரை நாமே தெருவுல விட்டா நஷ்டம் யாருக்கு? வீடியோகிட்ட போய்க் காசு கேக்க முடியுமா? இவர் நல்லா இருக்கணும். மாசாமாசம் சம்பளம் வாங்கணும். உடம்புக்கு எதுவும் வரக் கூடாது." மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினாள். "இவர் கட்டாயம் இருக்கணும் சார். கடன் முடியற வரைக்கும் நாங்க அனுப்ப மாட்டோம்."

"ஆமா சார்" என்றது கூடம், ஒரே குரலில், கொஞ்சமும் அன்பில்லாமல்.

மதிப்பீட்டாளர் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபம் இறங்கி அங்கே வேறு ஏதோ ஏறியது. "இதெல்லாம் இவர்தான் சொல்லிக் குடுத்தாரா?"

"கடன்காரன்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு ரெண்டாவது வாரமே சொன்னார் சார்" என்றான் ஏணி. "அப்ப நாங்க தூங்கிட்டோம்னு நெனச்சேன்."

மதிப்பீட்டாளர் கோட்டை இழுத்து மூடப் பார்த்தார், மூடவில்லை. வாசல் வரை போனவர் நின்று, தன் நாலு பொத்தானும் அந்தக் கடனில் சேருமா என்று கேட்டார். சேரும் என்றார் சார். அப்படியானால் எனக்கும் நீங்கள் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கொட்டாவி கடைசி வரிசையில் கடை விரித்தாள். மாசாமாசம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் தங்கள் பங்கை அவளிடம் விற்கலாம், இப்போதே கையில் பாதிக் காசு. ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். சார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வெளியே நடந்தார்.

வீட்டில் மனைவி ஒரு தகர டப்பாவை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார். கடிதம் உறுதி என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்.

"பட்டன் வித்த காசு மொத்தமும் இதுல இருக்கு. ஒரு பைசா தொடலை. எனக்கும் மனசு கேக்கலை. நாளைக்கே கொண்டுபோய் எல்லாருக்கும் குடுத்துடுங்க. கடன் வெச்சுக்கிட்டு உங்களால ஒரு நாள் இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

சார் டப்பாவைத் திறந்தார். ஏணியின் சாப்பாட்டுப் பணத்தை மட்டும் எண்ணி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூடியை அழுத்தி மூடி, டப்பாவை மனைவியிடமே திருப்பித் தள்ளினார்.

"உள்ளே வெய்யி" என்றார். "ஒரேயடியா குடுத்துட்டா, அப்புறம் நான் இருந்தா என்ன போனா என்னன்னு ஆயிடும். மாசாமாசம் கொஞ்சமா எடுத்துத் தா, போதும்."